கேபினெட் ஃபேன் இரைச்சலை அடக்குவது எப்படி? வடசென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் இரைய ஆரம்பித்ததும் நம்மில் பலர் நேரே ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது ஃபேன் கேட்கிறோம். கடைக்காரரும் "மாத்திடுங்கண்ணா, சத்தமே வராது" என்று ஒன்றை எடுத்து நீட்டுவார். சில மாதங்களில் புதுசும் பழையதைப் போலவே இரையும். பழுதான ஃபேன்களைவிடத் தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றும் ஃபேன்கள்தான் அதிகம் என்பதே இதற்குக் காரணம். எது அதை அப்படிச் சுற்றவைக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால், பெரிய செலவில்லாமலே இரைச்சலில் பாதி போய்விடும். ஃபேன் வாங்குவதைக் கடைசிப் படியாக வைத்திருப்பது அதனால்தான்.

வடசென்னைக்கென்று தனியாகச் சொல்லவும் விஷயம் இருக்கிறது. முதலில் தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் நின்று, அந்த வேலை எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைக்கு அது நிம்மதி. ஆனாலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதிக்குக் குறைவில்லை. எண்ணூர், மணலிப் பக்கம் கேட்கவே வேண்டாம். அடுத்தது உப்பு. காசிமேடு தொடங்கித் திருவொற்றியூர் தாண்டியும் கடற்காற்று கொண்டுவரும் உப்புத் துகள் தூசியோடு சேர்ந்து படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் ஊர் இரவுகளில் பெரும்பாலும் ஈரப்பதம் அதற்கு மேல்தான். ஆகவே நம் ஃபேன் இறக்கைகளில் படிவது ஊதினால் பறக்கிற தூள் இல்லை, ஒட்டிக்கொள்கிற பிசுக்கு. கடைசியாக இடநெருக்கடி: படுக்கிற அறையிலேயே கம்ப்யூட்டர். மகன் இரவு உட்கார்ந்து வேலை பார்க்க, அப்பா காலை ஷிப்டுக்கு எழுந்திருக்க வேண்டிய வீடுகளில் இந்த இரைச்சல் சின்ன விஷயம் கிடையாது.

கையில் என்ன வேண்டும்

ஒரு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ், பழைய பனியன் துணி, மெடிக்கலில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், கேபிள் டை கொஞ்சம், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில். கைவிளக்குக்கு மொபைல் போதும்.

தொடங்குமுன் ஒரு சோதனை. கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இடத்தையோ ஸ்க்ரூவையோ தொட்டால் சுருக்கென்று லேசாக மின்சாரம் தெரிகிறதா? அப்படியென்றால் அந்த பிளக்குக்கு எர்த் வரவில்லை. பழைய ஓட்டு வீடுகளிலும் பாகம் பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளிலும் இது சகஜம். எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) உள்ளே இருக்கும் ஃபில்டர் கசியவிடும் மின்சாரம் போக வழியில்லாமல் பெட்டியில் நிற்கிறது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

படி 1: இரைவது யார்?

சீலிங் ஃபேனை அணையுங்கள். அது சுற்றும்வரை காதுக்கு வேறு எதுவும் பிடிபடாது. பக்கத்திலேயே யுபிஎஸ் இருந்தால் அதன் உறுமலையும் கணக்கில் வையுங்கள். பல பேர் யுபிஎஸ்ஸின் சத்தத்துக்குக் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நள்ளிரவில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பவர்களுக்கு அந்த நேரத்திலும் லாரி ஓயாது. தெரு அடங்குகிற மதிய வேளை தேவலாம்.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டரை ஓடவிடுங்கள். செய்தித்தாளை நீளக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேனுக்கும் அருகே கொண்டுபோங்கள். சந்தேகம் வந்தால், அந்த கேபினெட் ஃபேனின் நடுக்குமிழில் விரல் நுனியை மெல்ல வைத்துச் சில விநாடி நிறுத்திப் பாருங்கள். இறக்கையைத் தொடக் கூடாது. தலைமுடி, துப்பட்டா கவனம். நிறுத்தியதும் சத்தம் நின்றால் ஆள் அதுதான்.

சத்தத்தின் குணமே பாதி பதிலைச் சொல்லிவிடும்:

"உஷ்ஷ்ஷ்" என்றால் வெறும் காற்று. வேகம் அதிகம், அல்லது காற்று போகும் வழியில் ஏதோ அடைப்பு.

"டிக் டிக் டிக்" என்றால் ஏதோ ஒரு ஒயர் இறக்கையில் உரசுகிறது. கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினால் முடிந்தது.

"கர்ர்ர்" என்று காலையில் போட்டதும் வந்து, சூடேறியதும் குறைந்தால் பேரிங் காய்ந்திருக்கிறது.

"ம்ம்ம்" என்ற தாழ்ந்த ரீங்காரம் கேபினெட் தகடு அதிர்வதால் வருவது. ஹார்டு டிஸ்க்கும் இதைச் செய்யும். 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்க் விநாடிக்கு 120 முறை சுற்றுகிறது.

அதே ரீங்காரம் "வ்வூ... வ்வூ..." என்று ஏறி இறங்கினால், ஏறக்குறைய ஒரே வேகத்தில் இரண்டு ஃபேன்கள் ஓடுகின்றன. 7 இறக்கை ஃபேன் ஒன்று 1180-லும் இன்னொன்று 1210-லும் சுற்றினால், இரண்டின் ஒலியும் மோதி விநாடிக்கு மூன்று நான்கு முறை அலையும். ஒன்றை 200 ஆர்பிஎம் தள்ளி வைத்தால் அந்த அலைச்சல் போய்விடும்.

"கீஈஈ" என்று கேம் ஓடும்போது மட்டும் வருவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் காயில். இந்த வழிகாட்டிக்கு அதில் வேலை இல்லை.

சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளிருந்து வந்தால் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து தூசியை எடுக்கலாம், அவ்வளவுதான். அதற்குமேல் மாற்றுவதே வழி.

படி 2: சுத்தம்

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி மெத்தைபோல அடைத்துவிட்டால் சூடு வெளியேறாது. மதர்போர்டு உடனே ஃபேன்களை விரட்டும். சத்தம் ஃபேனிலிருந்து வந்தாலும் வினை அந்த அடைப்பில் இருக்கும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பெட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். அறைக்குள் செய்தால் அந்தத் தூசியே திரும்ப உள்ளே போகும்.

ப்ளோயர் இருந்தால் ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். காற்றின் வேகத்தில் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும். சுற்றுகிற மோட்டார் மின்சாரத்தையும் பின்பக்கமாகத் தள்ளும். பஞ்சர் கடை கம்ப்ரஸரிலும் வாட்டர் வாஷ் கடையிலும் காற்றடித்து வாங்குகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, வேண்டாம். அந்த டேங்கில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து மதர்போர்டில் தெளிக்கும்.

ப்ளோயர் முடிந்தது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை, நம் ஊரில். நான் மேலே சொன்ன பிசுக்கு அப்படியே இருக்கும். ஃபேனைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பனியன் துணியால் ஒவ்வொரு இறக்கையையும் முன்னும் பின்னும் துடையுங்கள். இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு படிந்திருக்கும். அங்கேதான் அழுத்தித் துடைக்க வேண்டும். இறக்கைக்கு இறக்கை படிவு வேறுபட்டால் எடைச் சமநிலை போய் ஃபேன் ஆடும், ஆட்டம் தகட்டுக்குப் போகும், தகடு ரீங்கரிக்கும். மதர்போர்டில் துணி வைக்காதீர்கள், அங்கே காய்ந்த பிரஷ் மட்டும்.

சிபியு (செயலி) மேலிருக்கும் ஹீட்சிங்க்கை மறக்கக் கூடாது. அதன் ஃபேனை மட்டும் கழற்றிப் பார்த்தால் கீழே தூசி கம்பளமாக இருக்கும். ஹீட்சிங்க்கையே கழற்றினால் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டுத்தான் மாட்ட வேண்டும். பேஸ்ட் கையில் இல்லாமல் கழற்றாதீர்கள்.

படி 3: அதிர்வும் எண்ணெயும்

ஓடிக்கொண்டிருக்கும் கேபினெட்டின் பக்கத்திலும் மேலேயும் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் குறைகிறதா? தகடு ஆடுகிறது. ஸ்க்ரூக்களை இறுக்குங்கள், உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகாதவற்றை மாற்றுங்கள். தகடு உட்காரும் விளிம்பில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டினால் தகரச் சத்தம் நிற்கும். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் பின் வரும்படி மாட்டலாம். அது கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபில் வாஷர் வெட்டிப் போட்டாலும் வேலை செய்யும், அழகாக இருக்காது.

மர மேசைமேல் வைத்திருந்தால் மேசையே ஒலிப்பெட்டியாகிவிடும். கேபினெட்டுக்குக் கீழே தடித்த ரப்பர் மேட் துண்டுகள் நான்கு மூலையிலும் வையுங்கள்.

பேரிங் காய்ந்த ஃபேனுக்கு எண்ணெய் விடலாம், எல்லாவற்றுக்கும் முடியாது. கேபினெட்டோடு வரும் மலிவான ஃபேன்களில் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங்தான். நடுவிலிருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் அச்சோ, சின்ன ரப்பர் மூடியோ தெரியும். மூடியை எடுத்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. கையால் சுற்றிவிட்டு, சுற்றிலும் வழிந்ததை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மேலே டேப் ஒட்டுங்கள். எண்ணெய் பட்ட பழைய ஸ்டிக்கர் திரும்ப ஒட்டாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும். உரித்துப் பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் மூடிய முதுகாக இருந்தால் அது சீல் வைத்த வகை, விட்டுவிடுங்கள்.

எண்ணெய் விட்ட ஃபேன் சில மாதம் நன்றாக ஓடும். மறுபடி கரகரத்தால் புதுசுதான்.

படி 4: வேகம்

இரைச்சலுக்கும் வேகத்துக்கும் உள்ள கணக்கு நமக்குச் சாதகமானது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். 1200-லிருந்து 900 ஆர்பிஎம்முக்கு வந்தால்கூட ஏறத்தாழ 6 டெசிபல் லாபம். இதற்கு விலையாகச் சூடு எவ்வளவு ஏறும்? டைப்பிங், டேலி, யூடியூப் ஓடும் சாதாரண கம்ப்யூட்டர் 70 வாட் சூடு விடுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 40 கன அடி காற்று பெட்டி வழியே போனால் அந்தக் காற்று 3 டிகிரிதான் சூடாகும். காற்றைப் பாதியாக்கினால் 6, 7 டிகிரி. பல இன்டெல் செயலிகள் 100 டிகிரியைத் தொட்டபிறகுதான் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த மூன்று டிகிரிக்குப் பயந்து இராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

அப்படியிருக்க ஏன் எல்லாம் முழு வேகத்தில் ஓடுகின்றன? லோக்கலாக அசெம்பிள் செய்த பெட்டியைத் திறந்தால் விடை கிடைக்கும். கேபினெட் ஃபேனை மதர்போர்டில் சொருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலெக்ஸ் ஒயரில் நேரடியாகச் சொருகியிருப்பார்கள். அதில் வருவது எப்போதும் 12 வோல்ட். கம்ப்யூட்டர் சும்மா கிடந்தாலும் அது முழுவேகத்தில்தான் சுற்றும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. நம் பக்கத்து வீடுகளில் இரைச்சலுக்கு முதல் காரணம் எது என்று கேட்டால், தூசிக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

ஃபேனின் ஒயரைப் பாருங்கள். 3 ஓட்டை கனெக்டர் இருந்தால் மதர்போர்டில் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். 4 ஓட்டை என்றால் பிடபிள்யூஎம். வோல்ட் 12-லேயே நிற்க, நாலாவது ஒயரில் போகும் சிக்னல் வேகத்தைச் சொல்லும். மதர்போர்டின் விளிம்புகளில் சிஸ் ஃபேன் அல்லது சிஎச்ஏ ஃபேன் என்று எழுதிய பின்களைத் தேடி அங்கே மாற்றிச் சொருகுங்கள். 3 பின் ஃபேன் 4 பின் இடத்திலும் உட்காரும். பல மதர்போர்டுகளில் ஓர் இடத்துக்கு 1 ஆம்பியர் வரை தாங்கும், சாதாரண ஃபேன் 0.1 முதல் 0.3 ஆம்பியர்தான் எடுக்கும். ஆகவே இடம் போதாவிட்டால் ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு ஃபேனை ஒன்றில் மாட்டலாம். 12-க்கும் 5-க்கும் நடுவே ஒயரை மாற்றிப் போட்டு 7 வோல்ட் எடுக்கும் பழைய தந்திரத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஏதாவது தவறினால் போவது எஸ்எம்பிஎஸ்.

இனி பயாஸ். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஆசுஸ் போர்டில் கியூ-ஃபேன், ஜிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐயில் ஹார்டுவேர் மானிட்டர், அஸ்ராக்கில் ஃபேன்-டேஸ்டிக் டியூனிங் என்று பெயர் மாறும், வேலை ஒன்றே. 3 பின் ஃபேனுக்கு டிசி, 4 பின்னுக்குப் பிடபிள்யூஎம் என்று முறையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 3 பின் ஃபேனைப் பிடபிள்யூஎம் முறையில் விட்டால் அது அடங்காமல் முழுவேகத்தில் ஓடும்.

சிபியு சூட்டைப் பார்த்து ஓடும் ஃபேனுக்கு இப்படித் தொடங்கலாம்: 50 டிகிரிவரை 40 சதவீதம், 65-இல் 55, 75-இல் 75, 85-இல் முழு வேகம். 3 பின் ஃபேன் சில 40 சதவீதத்தில் நின்றுவிடும். அப்படியானால் நிற்காமல் சுற்றும் அளவு வரை ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். இதோடு விடக் கூடாது. ஒரு வலைப்பக்கம் திறந்தாலே சிபியு சூடு சட்டென்று 15 டிகிரி ஏறி அடுத்த விநாடி இறங்கும். ஃபேனும் அதோடு எகிறிக் குதிக்கும். சீராக ஓடும் சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், ஏறி இறங்குவதைத்தான் மறக்காது. ஆகவே வேகம் ஏறுவதற்கான தாமதத்தைக் கூட்டுங்கள், அல்லது கேபினெட் ஃபேன்களைச் சிபியு சூட்டுக்குப் பதில் மதர்போர்டு சூட்டோடு இணையுங்கள். அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

பயாஸில் அந்த வசதியில்லாத மலிவான போர்டு என்றால், விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் போட்டு, பிடபிள்யூஎம்-கான்ஃபிக் ஓட்டினால் எந்த ஃபேன் எந்த அளவில் நிற்கிறது என்பதை அதுவே சோதித்துச் சொல்லும். கிராபிக்ஸ் கார்டு ஃபேனுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர். வேறு கம்பெனி கார்டிலும் வேலை செய்யும்.

மாற்றியபின், வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை அரைமணி ஓட்டிச் சூட்டைப் பாருங்கள். சிபியு 80-க்குள்ளும் ஹார்டு டிஸ்க் 50-க்குள்ளும் நின்றால் இன்னும் ஐந்து சதவீதம் குறைத்துப் பார்க்கலாம்.

படி 5: காற்று வரும் வழி

ஃபேன் சட்டத்தின் பக்கத்தில் பொறித்த அம்புக்குறியைப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் போகும் என்பதைக் காட்டும். குறி இல்லாவிட்டால், மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கால்கள் தெரியும் பக்கமாகக் காற்று வெளியேறும். முன்பக்கம் இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேலேயும் தள்ள வேண்டும். இரண்டும் இழுத்தாலோ இரண்டும் தள்ளினாலோ ஃபேன்கள் உழைக்கும், காற்று நகராது.

நம் ஊருக்கு, வெளியே தள்ளுவதைவிட உள்ளே இழுப்பது கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. அப்போது காற்று முன்பக்க ஃபில்டர் வழியாக மட்டும் நுழையும். இடுக்குகளில் காற்று வெளியேதான் போகும், தூசி நுழையாது. ஃபில்டர் இல்லாத கேபினெட்டில் முன்பக்கம் நைலான் கொசுவலைத் துண்டை ஒற்றை அடுக்காக ஒட்டலாம். இரண்டடுக்கு போட்டால் காற்றுத் தடைபட்டு, ஃபேன் மறுபடி கத்த ஆரம்பிக்கும். சில கேபினெட்டுகளில் ஃபேனுக்கு முன்னே தகட்டிலேயே சின்னச் சின்ன ஓட்டைகளாகக் குத்தியிருப்பார்கள். பாதிச் சீறல் அங்கேதான் பிறக்கிறது. கேபினெட் பழசு, வாரன்டி போய்விட்டது என்றால் அந்தப் பகுதியை லேத் கடையில் வெட்டியெடுத்துக் கம்பி வளையம் மாட்டிவிடுங்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். கூட்டுகிற தூசி முழுக்க அங்கே போகும். தெருப்பக்க ஜன்னலுக்கு எதிரிலும் வேண்டாம். மழை வந்தால் தெருத்தண்ணீர் உள்ளே ஏறுகிற கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி போன்ற இடங்களில் உயரத்தில் வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. முதுகுப்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையில் சொருகி வைத்தால், தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு நாள் முழுக்க இரையும்.

படி 6: கடைசியில், வாங்குவதானால்

பேரிங் போன ஃபேனுக்கும், இரண்டே ஒயர் உள்ள மோலெக்ஸ் ஃபேனுக்கும்தான் இந்தப் படி. ரிச்சி தெருவில் கலர் விளக்கு மின்னும் ஃபேன்களைக் காட்டுவார்கள். விளக்கு இருப்பது தப்பில்லை, ஆனால் அந்தக் காசுக்குப் பேரிங் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கேட்க வேண்டியவை: 4 பின் பிடபிள்யூஎம்மா, ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்கா, கேபினெட்டில் 140 மில்லிமீட்டர் மாட்ட இடம் உண்டா. பெரிய ஃபேன் குறைந்த வேகத்தில் அதே காற்றைத் தரும். பழைய 80 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த கேபினெட்டில் எவ்வளவு மெனக்கெட்டாலும் ஓரளவுக்குமேல் அடங்காது.

ஒரே மாதிரி ஃபேன் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு இரண்டையும் மெதுவாக ஓட்டுவதும் நல்ல வழி. இரண்டாவது ஃபேனால் கூடும் சத்தம் 3 டெசிபல்தான், வேகத்தைக் குறைப்பதில் மிச்சமாவது அதைவிட அதிகம்.

எப்போது திரும்பச் செய்வது?

மார்கழியில் சரியாக இருந்த அமைப்பு சித்திரையில் சரியாக இருக்காது. அறை பத்து டிகிரி சூடானால் உள்ளே இருப்பதெல்லாம் அதே பத்து டிகிரி ஏறும். ஃபேனும் அதற்கேற்ப வேகம் பிடிக்கும். அக்னி நட்சத்திரம் தொடங்குமுன் ஒருமுறை மாடிக்குக் கொண்டுபோய் முழுச் சுத்தம் செய்து, வேக அமைப்பின் ஒவ்வொரு புள்ளியையும் 5 டிகிரி மேலே தள்ளி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் இன்னொரு சுத்தம். ஈரத்தில் ஊறிய பிசுக்கு இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும். இடையில் முன்பக்க வலையை மட்டும் மாதம் ஒருமுறை கழற்றி, குழாயில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். லாரி போகும் சாலையோர வீடு என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.